ஃபயர் அலாரம் அடிக்கும்போது பாட்டு நிற்க வேண்டும், மைக் நிற்கலாமா? பல ஜோன் ஆடியோவில் பேஜிங்கும் மியூட்டும்

கேள்வி சுருக்கமாக இது: நான்கு தளத் துணிக்கடை. கீழே பட்டு, அதற்கு மேல் ரெடிமேட், அடுத்து குழந்தைகள் பிரிவு, மேல்தளத்தில் உணவகம். ஒரு நான்கு ஜோன் மிக்ஸர் (தளத்துக்கு ஒரு ஜோன்), ஜோனுக்கு ஒரு 100 வோல்ட் ஆம்ப்ளிஃபயர் (பல ஸ்பீக்கர்களை ஒரே நீண்ட லைனில் ஓட்டும் வகை), கேஷ் கவுண்டரில் ஒரு பேஜிங் மைக், அதாவது அறிவிப்பு மைக். ஃபயர் அலாரம் போட்டவர்கள் “ஆம்ப்ளிஃபயரை மியூட் செய்ய” என்று இரண்டு வயரை ரேக் வரை இழுத்து விட்டுப் போயிருக்கிறார்கள். அதை எங்கே இணைப்பது? மைக்கும் சேர்ந்து மியூட் ஆக வேண்டுமா? உணவகத்தில் சுவரில் உள்ள வால்யூமைக் குறைத்துவிட்டால் அறிவிப்பே கேட்பதில்லை, அதற்கு என்ன வழி?

மூன்றும் தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. ஒலி போகும் பாதையில் எந்த இடத்தில் எதை அடைக்கிறோம் என்பதுதான் விஷயம். வாய்க்காலில் தலைமடையை அடைத்தால் எல்லா வயலும் காயும், கிளைமடையை அடைத்தால் அந்த ஒரு வயல் மட்டும் காயும், அந்த மாதிரி. அதனால் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் ஒரு தாளில் பாதையை வரைந்துவிடுங்கள். பாட்டு எங்கிருந்து வருகிறது, மிக்ஸருக்குள் ஜோன் வால்யூம் எங்கே, மைக் எந்த இடத்தில் வந்து சேருகிறது, பிறகு ஆம்ப்ளிஃபயர், பிறகு 100 வோல்ட் லைன், சுவர் வால்யூம், கடைசியில் ஸ்பீக்கர்.

அந்தப் படத்தில் மைக் வந்து சேரும் புள்ளியைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அதற்கு முன்னால் மியூட் செய்தால் பாட்டு மட்டும் நிற்கும், மைக் பேசும். அதற்குப் பின்னால் மியூட் செய்தால் இரண்டும் போய்விடும். உங்கள் உணவகத்துச் சுவர் வால்யூம் அந்தப் புள்ளிக்கு ரொம்பப் பின்னால், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் குறைத்தால் பாட்டு, அறிவிப்பு, அவசரச் செய்தி எல்லாம் சேர்ந்து குறையத்தான் செய்யும்.

இப்போது மிக்ஸரின் பின்பக்கம். டோவா, போஷ், கிளவுட் என்று யாருடைய ஜோன் மிக்ஸராக இருந்தாலும் வெளியிலிருந்து மியூட் செய்யப் பெரும்பாலும் ஏதாவது ஒரு வழி இருக்கும். ஆனால் அந்த மியூட் எதை நிறுத்தும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் பாட்டு மட்டும் நிற்கும், மைக் வழக்கம்போல் பேசும். சிலவற்றில் மொத்த அவுட்புட்டும் நின்றுவிடும். சிலவற்றில் உள்ளே இருக்கும் ஜம்பரை (சின்ன இணைப்புத் துண்டு) மாற்றி நாமே தேர்ந்தெடுக்கலாம். மேனுவலைப் படியுங்கள், அதோடு நிறுத்தாமல் கையால் சோதியுங்கள். பாட்டை ஓட விட்டு, மியூட் டெர்மினலை ஒரு சின்ன வயரால் ஷார்ட் செய்து, மைக்கில் பேசிப் பாருங்கள். பாட்டு நின்று குரல் வந்தால் ஒரு வகை, இரண்டும் நின்றால் இன்னொரு வகை. ஷார்ட் செய்தும் எதுவும் நிற்கவில்லை என்றால் அது திறந்தால் மியூட் ஆகும்படி செட் செய்யப்பட்டிருக்கலாம். இது தெரியாமல் ஃபயர் பேனலிலிருந்து (ஃபயர் அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி) வரும் வயரைத் தொடாதீர்கள்.

எதை நிறுத்துவது என்று முடிவு செய்வதற்கு முன், பாட்டை ஏன் நிறுத்துகிறோம் என்ற கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனின் ஃபயர் அலாரம் விதித்தொகுப்பான பி.எஸ். 5839 முதல் பாகம், ஹூட்டர் (அலாரம் ஒலிக்கும் கருவி) சத்தம் பொதுவாக 65 டெசிபல் இருக்க வேண்டும், சுற்றுச் சத்தம் தொடர்ந்து அதிகமாக இருக்கும் இடத்தில் அதைவிட 5 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 72 பொதுமக்கள் புழங்கும் இடங்களுக்குச் சராசரிச் சத்தத்தைவிட 15 டெசிபல் கூடுதலாகக் கேட்கிறது. தீபாவளிக் கூட்டத்தில் பேச்சும் பாட்டும் சேர்ந்து 80 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்கில் வாடிக்கையாளர் காதருகே 85 வேண்டும், இரண்டாவது கணக்கில் 95. ஹூட்டர் வரண்டாவில் மாட்டியிருக்கும், ட்ரையல் ரூம் கதவு சாத்தியிருக்கும். அங்கே 95 கொண்டு வருவது நடக்காத காரியம். கூட்டத்தின் சத்தத்தை நம்மால் நிறுத்த முடியாது, பாட்டை நிறுத்த முடியும். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தால் இன்னொரு கேடும் உண்டு. கடை வழக்கம்போல்தான் இருக்கிறது, ஹூட்டர் சும்மா அடிக்கிறது என்று ஆட்கள் நினைத்துக்கொள்வார்கள்.

சரி, மைக்? என் பதில்: பாட்டு முழுதாக நிற்க வேண்டும், கேஷ் கவுண்டர் மைக்கும் நிற்க வேண்டும், ஒரே ஒரு அவசர மைக் மட்டும் உயிரோடு இருக்க வேண்டும். அந்த மைக் ஃபயர் பேனலுக்குப் பக்கத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஹூட்டர் அடிக்கும் நேரத்தில் “வெள்ளை நிறக் காரை எடுக்கவும்” என்று கவுண்டரிலிருந்து ஒரு அறிவிப்பு போனால், படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருப்பவர்கள் தயங்கி நிற்பார்கள். ஆனால் எல்லா மைக்கையும் கொன்றுவிடும் அமைப்பை நான் ஏற்க மாட்டேன். மனிதக் குரல் செய்கிற வேலையை ஹூட்டர் செய்யாது.

இதற்கு நடந்த சான்று இருக்கிறது. 1977 மே 28 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப் என்ற பெரிய கேளிக்கை விடுதி எரிந்து 165 பேர் இறந்தார்கள். அங்கே மேசை துடைக்கும் வேலையில் இருந்த வால்டர் பெய்லி என்ற இளைஞர், நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்த மேடையில் ஏறி மைக்கை வாங்கி, வெளியேறும் வழிகளைக் கையால் காட்டிச் சொன்னார். அதைக் கேட்டு எழுந்து போனவர்களில் பலர் பிழைத்தார்கள். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மானுமென்ட் என்ற மெட்ரோ நிலையத்தில் 1990 வாக்கில் வெளியேற்ற ஒத்திகைகள் நடத்திப் பார்த்தார்கள். மணி மட்டும் அடித்தபோது பயணிகள் நகரவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத் தாமதம். என்ன நடக்கிறது, எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது சீக்கிரமாகக் கலைந்தார்கள். மைக்கை உயிரோடு வைக்கச் சொல்வது இதனால்தான்.

ஆனால் இங்கே ஒரு எல்லைக்கோடு உண்டு, அதைத் தாண்டாதீர்கள். பாட்டு போடும் பி.ஏ. சிஸ்டம் (பொது ஒலிபெருக்கி அமைப்பு) வாய்ஸ் அலாரம், அதாவது குரலால் எச்சரிக்கும் தீ அலாரம், ஆகிவிடாது. வாய்ஸ் அலாரத்துக்கான கருவிகளுக்கு இ.என். 54 என்ற ஐரோப்பியத் தர வரிசையில் 16-ஆம் பாகம், ஸ்பீக்கருக்கு 24-ஆம் பாகம் என்று தனித் தரங்கள் இருக்கின்றன. அங்கே மைக்கிலிருந்து ஸ்பீக்கர் லைன் வரை எந்த இடத்தில் அறுந்தாலும் பேனல் தானாகக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், மின்சாரம் போனால் பேட்டரியில் ஓட வேண்டும், கேபிள் தீயைத் தாங்க வேண்டும். உங்கள் கட்டடத்துக்கு அது கட்டாயமா என்பதை நேஷனல் பில்டிங் கோட் 2016-இன் நான்காம் பாகத்தையும் ஃபயர் அலாரத்துக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 2189-ஐயும் வைத்து ஃபயர் கன்சல்டன்ட் சொல்வார், தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை அதைப் பார்த்துத்தான் சான்று தரும். கட்டாயம் என்றால் இந்த மிக்ஸரைக் காட்டி ஒப்பேற்றக் கூடாது. கட்டாயம் இல்லை என்றால், ஹூட்டர் தன் வேலையைத் தனியாகச் செய்யும், உங்கள் பி.ஏ. அதற்குக் குறுக்கே நிற்காமல் கூடுதலாக உதவும். இனி நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது நிலைக்கு.

அந்த இரண்டு வயருக்கு வருவோம். அதில் என்ன இருக்கிறது என்று மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், பேனல் சாதாரணமாக இருக்கும்போது ஒருமுறை, டெஸ்ட் அலாரம் கொடுத்து ஒருமுறை. இரண்டு நேரத்திலும் வோல்டேஜ் ஏதும் இல்லாமல், ஒரு நேரம் இணைந்தும் ஒரு நேரம் பிரிந்தும் இருந்தால் அது வெறும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) காண்டாக்ட், டிரை காண்டாக்ட் என்போம். மிக்ஸருக்கு வேண்டியது அதுதான். 24 வோல்ட் காட்டினால் அவர்கள் ஹூட்டர் லைனிலிருந்தே கிளை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை மிக்ஸரின் மியூட் டெர்மினலில் நேரடியாகச் சொருகினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் கருகிவிடலாம்.

ஹூட்டர் லைனில் ஒரு நுணுக்கம் உண்டு. பல பேனல்கள் லைன் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக, சாதாரண நேரத்தில் அதில் பிளஸ் மைனஸைத் திருப்பிப் போட்டு ஒரு சின்ன மின்னோட்டத்தை ஓட விட்டு, கடைசியில் இருக்கும் ரெசிஸ்டரை அளந்துகொண்டே இருக்கும். அலாரம் வரும்போது திசை திரும்பும். அங்கே சாதாரண ரிலேயை வெறுமனே கட்டினால் பேனல் ஃபால்ட் காட்டும், சில சமயம் அலாரம் இல்லாமலே ரிலே இழுத்துக்கொள்ளும். அதனால் ரிலே காயிலோடு தொடராக ஒரு டயோடு போட வேண்டும், 1என்4007 போதும். அலாரம் திசையில் மட்டும் மின்னோட்டம் போகும். காயிலுக்குக் குறுக்கே இன்னொரு டயோடு தலைகீழாகப் போட்டால் ரிலே விடும்போது வரும் வோல்டேஜ் உதை பேனலுக்குப் போகாது.

ஆனாலும் ஹூட்டர் லைனிலிருந்து மியூட் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் டயோடு வேலை இல்லை. அலாரம் வந்ததும் பொறுப்பாளர் பேனலில் சைலன்ஸ் பட்டனை அழுத்துவார். ஹூட்டர் நிற்கும், ஆனால் அலாரம் முடிந்துவிடவில்லை. எந்தத் தளம் என்று பார்க்க ஆள் போயிருப்பார், மைக்கில் பேச வேண்டியதும் அந்த நேரத்தில்தான், ஏனென்றால் ஹூட்டர் அலறும்போது பேச்சு புரியாது. மியூட் ஹூட்டர் லைனில் இருந்தால், சைலன்ஸ் அழுத்திய அதே நொடியில் பாட்டு திரும்பி வந்துவிடும். படிக்கட்டில் பாதி இறங்கியவர்கள் “ஒன்றுமில்லை போல” என்று மேலே ஏறுவார்கள். பேனலிலேயே ஃபயர் ரிலே என்று தனியாக ஒரு காண்டாக்ட் இருக்கும். ரீசெட் செய்யும்வரை அது விடாது, பெரும்பாலான பேனல்களில் சைலன்ஸ் அதைத் தொடாது. மியூட் அங்கிருந்துதான் வர வேண்டும். இதை ஃபயர் ஆட்களிடம் பெயர் சொல்லியே கேளுங்கள்: ரீசெட் வரை நிற்கும் காண்டாக்ட் வேண்டும், சைலன்ஸில் விடும் காண்டாக்ட் வேண்டாம் என்று.

அடுத்து, என்.ஓ. (நார்மலி ஓபன்) எடுப்பதா, என்.சி. (நார்மலி குளோஸ்டு) எடுப்பதா. என்.ஓ. என்றால் தீ வரும்போது காண்டாக்ட் சேரும். நடுவில் எலி வயரைக் கடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது, தீ வரும் நாளில் மியூட் ஆகாது. என்.சி. என்றால் வழக்கமாகச் சேர்ந்தே இருக்கும், தீ வந்தால் பிரியும். வயர் அறுந்தால் உடனே பாட்டு நின்றுவிடும், அன்றைக்கே உங்களுக்குப் போன் வரும். நான் எப்போதும் இரண்டாவது வகையைத்தான் கேட்பேன். மிக்ஸரில் திறந்தால் மியூட் என்ற வசதி இல்லையென்றால் நடுவில் ஒரு 24 வோல்ட் ரிலே போட்டு, வழக்கமாக அது இழுத்தபடியே இருக்குமாறும், பேனலின் என்.சி. காண்டாக்ட் பிரிந்தால் விடுமாறும் அமைக்கலாம். அதற்கு மின்சாரம் பேனலின் பேட்டரி பேக்கப் உள்ள 24 வோல்ட் அவுட்புட்டிலிருந்து வர வேண்டும், சுவர் பிளக்கில் மாட்டிய அடாப்டரிலிருந்து வேண்டாம். கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் பாட்டு மியூட் ஆனால் யாராவது கோபத்தில் அந்த அடாப்டரைக் கழற்றி வயரை நேராக முறுக்கிவிடுவார்கள்.

அப்படி முறுக்குவதுதான் இந்த ஏற்பாட்டின் உண்மையான எதிரி. பாட்டு வரவில்லை என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். அவர் இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாட்டை வரவைத்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு மியூட் என்ற ஒன்றே இல்லை, பார்ப்பதற்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ரேக்கின் பின்பக்கம் அந்த டெர்மினலுக்கு மேலே தமிழில் பெரிதாக ஒட்டுங்கள்: “ஃபயர் மியூட். ஷார்ட் செய்யாதீர்கள். பாட்டு வரவில்லை என்றால் முதலில் ஃபயர் பேனலைப் பாருங்கள்.” முன்பக்கம் ஒரு சிவப்பு விளக்கை அந்த ரிலேயின் இன்னொரு காண்டாக்டிலிருந்து எரிய விட்டால், மியூட் ஆகியிருக்கிறது என்று கேஷியருக்கே தெரியும். கோளாறு என்று நினைத்து யாரும் தோண்ட மாட்டார்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட கருவியை மியூட் செய்ய வேண்டுமென்றால் அவற்றின் மியூட் டெர்மினல்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு கருவியும் தன் டெர்மினலில் வேறு வேறு வோல்டேஜ் வைத்திருக்கும். சேர்த்துக் கட்டினால் ஹம் வரும், ஒன்று மற்றொன்றைக் குழப்பும். இரண்டு அல்லது நான்கு தனித்தனிக் காண்டாக்ட் உள்ள ரிலேயை வாங்கிக் கருவிக்கு ஒன்றாகக் கொடுங்கள்.

இந்தக் கட்டடத்தில் மிக்ஸருக்கு வெளியே ஒலி எழுப்புவது எது என்றும் சுற்றிப் பாருங்கள். உணவகத்தில் டி.வி. தன் சொந்த ஸ்பீக்கரில் ஓடலாம். வார இறுதியில் பாட்டுக் கச்சேரிக்கு வருபவர் தன் மிக்ஸரையும் பவர்டு ஸ்பீக்கரையும் கொண்டு வரலாம். வாசலில் தள்ளுபடி அறிவிக்கும் ஸ்பீக்கர் யு.எஸ்.பி. பிளேயரில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் மியூட் இவற்றில் எதையும் தொடாது. இவற்றுக்கு அந்த பிளக் பாயின்ட்டின் மின்சாரத்தையே ஒரு கான்டாக்டர் (பெரிய மின்சாரத்துக்கான ரிலே) வழியாகத் துண்டிப்பதுதான் வழி, அதே ஃபயர் ரிலேயிலிருந்து. கச்சேரிக்கு வருபவர் வேறு எந்த பிளக்கிலும் மாட்டக் கூடாது என்பதும் சேர்ந்தே வர வேண்டும். ஆனால் இந்த முறையை ரேக்கில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குச் செய்யாதீர்கள். அவற்றின் மின்சாரத்தைத் துண்டித்தால் அவசர மைக்கும் ஊமையாகிவிடும்.

இப்போது அந்தச் சுவர் வால்யூம். உணவகம் தனி ஜோன், தனி ஆம்ப்ளிஃபயர் என்பதால் உங்களுக்கு மிக எளிய வழி இருக்கிறது. 100 வோல்ட் லைனில் இருக்கும் அந்தக் கன்ட்ரோலை மொத்தமாக எடுத்துவிட்டு லைனை நேராக இணையுங்கள். அதே சுவர்ப் பெட்டியில் மிக்ஸர் கம்பெனியின் ரிமோட் வால்யூம் பிளேட்டை மாட்டுங்கள். அது பெரும்பாலும் மிக்ஸருக்குள் பாட்டின் அளவை மட்டும் கட்டுப்படுத்தும்படி வருகிறது, அதாவது நாம் சிவப்பில் வட்டமிட்ட புள்ளிக்கு முன்னால். உணவகத்துக்காரர் எவ்வளவு குறைத்தாலும் அறிவிப்பு முழு அளவில் வரும். இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. வாங்கும்போது ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: அந்த பிளேட் மொத்த ஜோன் அளவையும் குறைக்கும் வகையாக இருக்கக் கூடாது.

ஒரே ஆம்ப்ளிஃபயரில் பல அறைகள் இருக்கும் இடத்தில் இது நடக்காது. அங்கே அறைக்கு ஒரு 100 வோல்ட் வால்யூம் கன்ட்ரோல் வேண்டித்தான் இருக்கும். அப்போது ஓவர்ரைடு, அதாவது திருகும் நாப் எங்கே இருந்தாலும் முழு ஒலியை விடும் வசதி, உள்ள வகையை வாங்குங்கள். ஒரு வகையில் கன்ட்ரோலுக்குள்ளேயே 24 வோல்ட் ரிலே இருக்கும், அது வேலை செய்யும்போது நாபைத் தாண்டி ஒலி நேராக ஸ்பீக்கருக்குப் போகும். இன்னொரு வகை மூன்று வயர் முறை: வழக்கமான இரண்டோடு அவசரத்துக்கு ஒரு மூன்றாவது வயர் எல்லா கன்ட்ரோலுக்கும் போகும், ரேக்கில் இருக்கும் ஒரே ரிலே அறிவிப்பு நேரத்தில் அந்த வயருக்கும் ஒலியைத் திருப்பிவிடும், நாப் எங்கே இருந்தாலும் முழு அளவு வரும். பழைய கட்டடத்தில் மூன்றாவது வயர் இழுப்பது சிரமம், புதிய கட்டடத்தில் முதலிலேயே இழுத்து வைத்துவிடுங்கள். இரண்டிலும் ரிலேயை இழுக்க வேண்டியது ஃபயர் காண்டாக்ட் மட்டும் இல்லை, பேஜிங் மைக்கின் பட்டனும்தான். அப்போதுதான் அன்றாட அறிவிப்பும் கேட்கும்.

ஆம்ப்ளிஃபயர் அளவையும் இங்கே சரிபாருங்கள். ஜோனில் 24 சீலிங் ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் 6 வாட் டேப்பில் (ஸ்பீக்கரில் நாம் தேர்ந்தெடுக்கும் வாட் அளவு) என்றால் 144 வாட். எல்லா நாபும் பாதியில் இருக்கிறதே என்று 120 வாட் ஆம்ப்ளிஃபயரை வைத்தால், ஓவர்ரைடு விழும் நொடியில் எல்லாம் முழு அளவுக்குப் போய், ஒலி உடையும், அல்லது ஆம்ப்ளிஃபயர் புரொடெக்‌ஷனுக்குப் போய்விடும். அவசர நேரத்தில் அதைத்தான் நாம் விரும்ப மாட்டோம். 180 வாட்டுக்குக் குறையாமல் வையுங்கள்.

பேஜிங் மைக் இணைப்பில் இரண்டு தனி விஷயங்கள் இருக்கின்றன, ஒலி ஒன்று, கன்ட்ரோல் ஒன்று. ஒலிக்கு பேலன்ஸ்டு ஷீல்டு கேபிள் (வெளி இரைச்சலைத் தடுக்கும் வகை), மின்சார வயரோடு ஒரே பைப்பில் போகாமல். கன்ட்ரோலுக்கு ஜோனுக்கு ஒரு வயரும் ஒரு பொது வயரும், புதிய மைக்குகளில் இது ஒரே கேட் 5 நெட்வொர்க் கேபிளில் டிஜிட்டலாகப் போய்விடும். குரல் வந்ததும் தானாகப் பாட்டைக் குறைக்கும் வசதி பல மிக்ஸர்களில் இருக்கிறது. மலிவான வழி, ஆனால் அறிவிப்புக்கு அது போதாது. குரலை உணர்ந்த பிறகுதான் பாட்டு குறையும் என்பதால் முதல் அசை பாட்டுக்குள் மூழ்கும். பேசுபவர் மூச்சு வாங்கினால் பாட்டு எட்டிப் பார்க்கும். கவுண்டரில் பக்கத்தில் நிற்பவர் சத்தமாகச் சிரித்தால் நான்கு தளத்திலும் பாட்டு குறையும். பட்டனை அழுத்தியதும் காண்டாக்ட் சேர்ந்து, பாட்டு முழுதாக நின்று, மணியோசை அடித்து, பிறகு பேசும் வரிசைதான் சரி. விட்டதும் பாட்டு சட்டென்று குதிக்காமல் இரண்டு விநாடியில் மெல்ல ஏறட்டும். கவுண்டருக்கு நேர் மேலே இருக்கும் சீலிங் ஸ்பீக்கரைத் தனியாகப் பிரித்து, மைக் பட்டன் அழுத்தும்போது அது மட்டும் ஊமையாகும்படி செய்தால் கூவல் வராது, மைக் அளவைத் தைரியமாக உயர்த்தலாம்.

முன்னுரிமை வரிசையை எழுதி ரேக் கதவில் ஒட்டுங்கள்: அவசர மைக், அதற்குக் கீழே பதிவு செய்த வெளியேற்றச் செய்தி இருந்தால் அது, அதற்குக் கீழே கேஷ் கவுண்டர், கடைசியில் பாட்டு. கேஷ் கவுண்டர் மைக்கை அலாரத்தில் அடைப்பதற்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. அதன் கன்ட்ரோல் பொது வயரை அதே ஃபயர் ரிலேயின் இன்னொரு காண்டாக்ட் வழியாகக் கொண்டு போனால் போதும், அலாரத்தில் அந்த வயர் பிரியும், பட்டன் அழுத்தினாலும் எந்த ஜோனும் திறக்காது. கேட் 5 டிஜிட்டல் மைக்கில் இப்படி வயரைப் பிரிக்க முடியாது, மிக்ஸரின் அமைப்பில்தான் முன்னுரிமை கொடுக்க வேண்டும்.

சாதாரண மிக்ஸருக்குப் பதிலாக டி.எஸ்.பி. (புரோகிராம் செய்யக்கூடிய டிஜிட்டல் ஒலிக் கருவி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபயர் காண்டாக்ட் வந்ததும் “எமர்ஜென்சி” என்ற பிரிசெட்டை (முன்பே சேமித்து வைத்த அமைப்பு) அழைக்கும்படி புரோகிராம் செய்வது பரவலான பழக்கம். பிரிசெட் அழைப்பு காண்டாக்ட் மாறும் அந்த நொடியில் மட்டும் நடக்கும். அலாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் வந்து டி.எஸ்.பி. மறுபடி எழுந்தால், காண்டாக்ட் ஏற்கெனவே மாறியே இருப்பதால் புதிதாக எதுவும் நடக்காது, பாட்டோடு எழுந்து உட்காரும். அதனால் மியூட் பிளாக்கை காண்டாக்டின் நிலையோடு நேரடியாகக் கட்டுங்கள். காண்டாக்ட் பிரிந்திருக்கும்வரை மியூட், சேர்ந்தால் இல்லை, இடையில் யார் மொபைல் ஆப்பில் என்ன இழுத்தாலும் மாறக் கூடாது. நெட்வொர்க் வழியாக ஆடியோ போகிறது என்றால் நெட்வொர்க் சுவிட்சும் யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும், ரேக் மட்டும் யு.பி.எஸ்.ஸில் இருந்து பயனில்லை.

எல்லாம் கட்டி முடித்த பிறகு, கடை திறப்பதற்கு முன் ஒரு காலையில் ஃபயர் ஆட்களையும் வைத்துக்கொண்டு சோதியுங்கள். தனித்தனியாகச் சோதித்து “எங்கள் பக்கம் சரி” என்று இரு தரப்பும் கையெழுத்துப் போடுவது எதற்கும் உதவாது. எல்லா ஜோனிலும் பாட்டை அதிகபட்சம் வையுங்கள், ஒரு அறையில் நாபை முழுதாக அணைத்து வையுங்கள். டிடெக்டரில் புகை காட்டி அலாரம் கொண்டு வாருங்கள். பாட்டு எல்லா இடத்திலும் நின்றதா, வாசல் ஸ்பீக்கரும் நின்றதா என்று ஆள் நடந்து பார்க்கட்டும். சைலன்ஸ் அழுத்துங்கள், பாட்டு திரும்பக் கூடாது. அவசர மைக்கில் பேசுங்கள், நாப் அணைத்த அறையிலும் ட்ரையல் ரூமிலும் வார்த்தை புரிய வேண்டும், சத்தம் கேட்டால் மட்டும் போதாது. கவுண்டர் மைக்கில் பேசிப் பாருங்கள், வரக் கூடாது. அலாரம் ஓடும்போதே மெயின் மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள், எழுந்து வரும்போது பாட்டு வரக் கூடாது. பிறகு அலாரம் இல்லாத நேரத்தில் மியூட் வயரை ஒரு டெர்மினலிலிருந்து கழற்றுங்கள், பாட்டு நிற்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடை ஆளே செய்யலாம். யாராவது ஷார்ட் செய்துவிட்டுப் போயிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

ரீசெட்டுக்குப் பிறகு பாட்டு தானாக வருவதா, ஆள் வந்து போடுவதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் ஆள் போடும்படிதான் வைப்பேன். ரீசெட் ஆனதும் மேலாளர் முதலில் அவசர மைக்கில் “நிலைமை சரியாகிவிட்டது, கடைக்குள் வரலாம்” என்று ஒருமுறை சொல்லட்டும், அப்புறம் ரேக்கில் இருக்கும் சாவி சுவிட்சைத் திருப்பிப் பாட்டை விடட்டும். மேலே சொன்ன ரிலேயை, சாவி திருப்பினால்தான் மறுபடி இழுக்கும்படி ஒரு லாட்ச் இணைப்பில் கட்டினால் இது கிடைத்துவிடும். நீண்ட மின்வெட்டில் பேனல் பேட்டரி தீர்ந்தாலும் அதே சாவியைத் திருப்ப வேண்டியிருக்கும். அதனால் சாவி மேலாளரிடம் ஒன்று, செக்யூரிட்டியிடம் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருக்கட்டும்.